கண்ணால் இரண்டு, காதால் ஒன்று
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோடை விடுமுறையில் இரண்டு நூல்கள் படித்தேன். ஒரு நாவலைக் காதால் கேட்டேன். அவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கிஜுபாய் பதேகா குஜராத்தியில் எழுதிய 'பகல் கனவு' நம்மில் பலர் படித்ததுதான். லட்சுமிராம் என்ற ஆசிரியர் நான்காம் வகுப்பை ஓராண்டு ஏற்று நடத்துகிறார். முதல் நாள் அவர் வைக்கும் அமைதி விளையாட்டு படுதோல்வி. ஒரே கூச்சல்! மறுநாள் கதையோடு வருகிறார், வகுப்பு அடங்கிவிடுகிறது. அந்த முதல் நாளை மறைக்காமல் எழுதியிருப்பதால்தான் எனக்கு அந்த நூல் மீது நம்பிக்கை வந்தது.

அடுத்தது டெட்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ சான்'. முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட சிறுமி அவள். புதிய பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி, அவள் பேசுவதை நான்கு மணி நேரம் கேட்கிறார். சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போகும்வரை கேட்கிறார். நமக்கு நாற்பது நிமிடப் பாடவேளை. நான்கு மணி நேரத்துக்கு எங்கே போவது? நான்கு நிமிடமாவது கொடுக்கலாம்.

காதால் கேட்டது 'பொன்னியின் செல்வன்'. பாம்பே கண்ணன் தயாரித்த ஒலிநூல். முன்பு படித்தபோது வர்ணனைகளைத் தாண்டித் தாண்டி ஓடியிருக்கிறேன். ஒலிநூலில் அது நடக்காது. வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனோடு நாமும் மெதுவாகத்தான் போக வேண்டும். ஒரு குறையும் உண்டு. ஆழ்வார்க்கடியானுக்கு நான் மனத்தில் வைத்திருந்த குரல் போய்விட்டது. இனித் திரும்பாது.

ஜூனில் எட்டாம் வகுப்பில் தினமும் பத்து நிமிடம் அதை ஒலிக்கவிட்டேன். பதிவேட்டில் 'மெல்லக் கற்போர்' என்று குறிக்கப்பட்ட மாணவன் ஒருவன். வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பான். கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டம் முடிந்த மறுநாள், மூடுபல்லக்கில் வந்தது யார், பழுவேட்டரையர் ஏன் அதை மறைத்தார் என்று வகுப்புக்கே விளக்கினான். நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் அவனிடம் சந்தேகம் கேட்டார்கள்.

பிறகு நூலகப் பிரதியை அவனே கேட்டு வாங்கினான். இப்போது மதிய இடைவேளையில் ஒலிநூலைக் கேட்டபடியே வரிகளில் விரலை ஓட்டுகிறான். குரல் முந்திவிட்டால் நிறுத்தச் சொல்கிறான். 'ற', 'ர' இன்னும் தகராறுதான். குடந்தை சோதிடர் வீடு வரை வந்திருக்கிறான்.