சான்றும் முடிவும்: பி.டி. கத்தரி விவாதத்தை முன்வைத்து ஒரு தலைமை உரை

நாட்டளவிலான கொள்கை முடிவு ஒன்றில் அறிவியல் நுழையும்போது எழும் வாதத்தை, அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் இடையே நடக்கும் பூசலாகப் பார்க்கும் வழக்கம் ஆட்சியாளர்களிடமும் ஆய்வாளர்களிடமும் செய்தி ஊடகங்களிடமும் ஒருசேர வேரூன்றியிருக்கிறது. அணு உலையாயினும், அணையாயினும், மரபணு மாற்றுப் பயிராயினும், எதிர்ப்போர் அறிவியலைப் புரிந்துகொள்ளாதவர்கள் என்றும், எடுத்துச் சொன்னால் எதிர்ப்பு அடங்கிவிடும் என்றும் அரசுத் தரப்பில் திரும்பத் திரும்ப நம்பப்படுகிறது. இந்த நம்பிக்கை கொள்கையை மட்டுமன்றி அறிவியலையும் கெடுக்கிறது. சான்றைத் திறந்து வைப்பது அறிவியலாளரின் கடமை. முடிவெடுத்து அதற்குப் பொறுப்பேற்பது மக்களாட்சி அரசின் கடமை. சான்றளிப்பவரே முடிவையும் அறிவித்துவிடும்போதும், முடிவெடுக்க வேண்டியவர் அறிவியலின் பின்னால் ஒளிந்துகொள்ளும்போதும் மக்களின் நம்பிக்கை இருவரையும் விட்டு நீங்குகிறது. இம்மாநாட்டின் அமர்வுகள் பல துறைகளைத் தொடவிருப்பதால், அவற்றுக்கு முன்னுரையாக, இந்தியாவில் மிகவும் வெளிப்படையாக நடந்த அறிவியல் கொள்கை விவாதங்களுள் ஒன்றான பி.டி. கத்தரி விவாதத்தை இவ்வுரை ஊன்றிப் பார்க்கிறது.

கத்தரி பயிரிடும் உழவருக்கு முதல் எதிரி, தண்டையும் காயையும் துளைக்கும் ஒரு சிறு புழு. தாய் அந்துப்பூச்சி இலையிலும் இளந்தண்டிலும் இடும் முட்டையிலிருந்து வெளிவரும் புழு, முதலில் கொழுந்துத் தண்டுக்குள் நுழைகிறது. தண்டின் நுனி வாடித் தொங்குவதே அது வந்துவிட்டதற்கு அடையாளம். காய் பிடிக்கும் பருவத்தில் அது காய்க்குள் புகுந்து, புகுந்த துளையைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்கிறது. உள்ளே போய்விட்ட புழுவை மேலே தெளிக்கும் மருந்து எட்டாது என்பதால், அது நுழையும் முன்பே கொன்றுவிட வேண்டும் என்று, பறிப்புக்கு நெருங்கிய நாள்களில்கூட உழவர் மீண்டும் மீண்டும் மருந்தடிக்கிறார். சொத்தை என்று சந்தையில் ஒதுக்கப்படும் காயின் இழப்பு அவருடையது. சொத்தையில்லாத காயில் தங்கிவிடும் நஞ்சோ அதை வாங்கிச் சமைப்பவருடையது. இவ்விரு துன்பங்களும் மெய்யானவை. இவற்றைப் பொருட்படுத்தாமல் பி.டி. கத்தரியைப் பற்றி எத்தரப்பினர் பேசினாலும் அது நேர்மையாகாது.

இத்துன்பத்துக்குத் தீர்வாக முன்வைக்கப்பட்ட தொழில்நுட்பம் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியத்திலிருந்து வந்தது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்பது அதன் பெயர், பி.டி. என்பது அப்பெயரின் சுருக்கம். அது உண்டாக்கும் படிகப் புரதம், புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் செயல்வடிவம் பெற்று, குடற்சுவரில் உள்ள ஏற்பிகளை, அதாவது குறிப்பிட்ட மூலக்கூறுகளை மட்டும் பற்றிக்கொள்ளும் இடங்களை, சேர்ந்து சுவரைத் துளைத்துப் புழுவைக் கொல்கிறது. இப்புரதத்துக்கான மரபணுவைக் கத்தரிச் செடிக்குள் செலுத்திவிட்டால் செடியே தன்னைக் காத்துக்கொள்ளும் என்பதும், மனித இரைப்பை அமிலத்தன்மை உடையதாலும் அத்தகைய ஏற்பிகள் மனிதக் குடலில் இல்லாததாலும் உண்பவருக்குத் தீங்கில்லை என்பதும் ஆதரவாளர்களின் வாதம். மான்சாண்டோ பங்கு வைத்திருந்த மஹிகோ என்னும் இந்திய விதை நிறுவனம் இதை உருவாக்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் இதில் இணைந்து, தங்கள் ரகங்களில் அம்மரபணுவை ஏற்றின. கோயம்புத்தூர், மதுரை, கிள்ளிகுளம், பாலூர் ஆகிய ஊர்களின் சுருக்கெழுத்தைப் பெயரில் தாங்கிய தமிழ்நாட்டு ரகங்கள் அவற்றுள் இருந்தன என்பதால், இவ்விவாதம் தமிழ்நாட்டு உழவர்க்குத் தொலைவில் நடந்த ஒன்றன்று.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, மரபணு மாற்று உயிரிகளுக்கு இசைவளிக்கும் பொறுப்பு மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழுவிடம் இருந்தது. அக்குழு 2009 அக்டோபர் 14 அன்று பி.டி. கத்தரியை வணிக முறையில் பயிரிடப் பரிந்துரைத்தது. வழக்கமான நடைமுறையில் விவகாரம் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், ஒப்புதல் குழு சார்ந்திருந்த வல்லுநர் குழு அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைத்து, எழுத்து வழிக் கருத்துகளைப் பெற்று, 2010 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கொல்கத்தா, புவனேசுவரம், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூரு ஆகிய ஏழு நகரங்களில் பொதுக் கலந்தாய்வு நடத்தினார். உழவர், ஆய்வாளர், நுகர்வோர் எனச் சுமார் 8,000 பேர் அவற்றில் கலந்துகொண்டனர். பிப்ரவரி 9 அன்று அமைச்சர், தனிச் சார்பற்ற ஆய்வுகள் மக்களும் வல்லுநரும் நிறைவடையும் அளவுக்கு நடந்தேறும் வரை பி.டி. கத்தரியை வெளியிடுவதை நிறுத்திவைப்பதாக, காரணங்களை விரிவாக எழுதி அறிவித்தார். முடிவை ஏற்பவரும் மறுப்பவரும், காரணங்களை இவ்வளவு வெளிப்படையாக எழுதிய அரசாணைகள் இந்தியாவில் அரியவை என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

அக்கூட்டங்களில் எழுந்த வினாக்கள் அனைத்தும் ஒரே இனத்தவை அல்ல. எலிகளுக்கு 90 நாள் கொடுத்துப் பார்த்த உணவுச் சோதனை போதுமா என்பது ஒன்று. பாதி அளவில் இது அறிவியல் வினா. ஆனால் வாழ்நாள் முழுவதும் உண்ணப்படும் ஒரு காய்க்கு எவ்வளவு ஐயம் எஞ்சியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்னும் மறுபாதிக்கு எந்த ஆய்வுக்கூடமும் விடை தராது. அது உண்பவர் சொல்ல வேண்டிய விடை. கத்தரியின் பிறப்பிடங்களுள் ஒன்றாகக் கருதப்படும் இந்தியாவில் முள் கத்தரி, வரிக் கத்தரி, பச்சைக் கத்தரி என்று ஊருக்கொரு வகை பயிராகும் நிலையில், மகரந்தம் வழியே மரபணு அவற்றுக்குள் கலந்தால் என்ன ஆகும் என்பது சூழலியல் வினா. விதை யாருக்குச் சொந்தம், அடுத்த பருவத்துக்கு உழவர் எடுத்து வைக்கலாமா என்பது சொத்துரிமை வினா. வாடிய தண்டுகளைக் கிள்ளி அழித்தல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல் போன்ற முறைகள் இருக்க இத்தொழில்நுட்பம் இப்போதே தேவையா என்பது வேளாண் பொருளியல் சார்ந்தது. ஒப்புதல் குழு கருத்தில் கொண்ட சோதனைகள் இவற்றுள் முதல் வினாவின் ஒரு பகுதிக்கும் இரண்டாவதன் ஒரு பகுதிக்குமே விடை தேடின. அறிவியல் விடை சொல்லிவிட்டது என்று ஆதரவாளர்கள் முழங்கியபோது, கேட்கப்படாத வினாக்களும் விடையளிக்கப்பட்டனவாகக் கணக்கில் சேர்ந்துவிட்டன. மக்களின் சினத்துக்குப் பெருங்காரணம் இதுவே. எதிர்த்தோர் தரப்பிலும் சான்றில்லாத அச்சமூட்டல் இருந்தது. நஞ்சு தெளிக்கும் உழவரின் உடல்நலம் பல மேடைகளில் பேசப்படாமலே போனது. அதையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

இவ்விவாதத்தில் மிகுந்த கவனத்துக்குரியது தரவுகள் வெளிவந்த வரலாறு. உயிரிப் பாதுகாப்புச் சோதனைகள், அதாவது புதிய உயிரி மனிதருக்கும் விலங்குக்கும் சூழலுக்கும் தீங்கு செய்யாது என்று காட்டும் சோதனைகள், ஒப்புதல் கேட்கும் நிறுவனத்தின் பொறுப்பிலும் செலவிலும் நடந்தன. அவற்றின் முழுத் தரவுகள் வணிக இரகசியமாக மூடிவைக்கப்பட்டிருந்தன. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுந்த கோரிக்கையும் அதைத் தொடர்ந்த நீதிமன்ற நடவடிக்கைகளுமே 2008இல் அவற்றை வெளியே கொண்டுவந்தன. அதன் பின்னரே வாதத்தின் தரம் மாறியது. பிரான்சின் கான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செராலினி போன்றோர் சோதனை விலங்குகளின் இரத்த அளவீடுகளில் காணப்பட்ட வேறுபாடுகளைச் சுட்டினர். அரசின் வல்லுநர் குழு அவை இயல்பான வரம்புக்குள் அடங்கியவை என்று மறுமொழி எழுதியது. எவர் கூற்று சரி என்பது இங்கே முதன்மையன்று. அதுவரை நிறுவனத்தை நம்புகிறோம், நம்பவில்லை என்று இருந்த பேச்சு, எந்த அட்டவணையில் எந்த எண், எத்தனை விலங்குகளுக்கு எத்தனை நாள் என்னும் அறிவியல் பேச்சாக மாறியதே முதன்மையானது. தரவைத் திறந்தால் மக்கள் குழம்புவர் என்னும் வாதம் இன்றும் எழுவதால், திறந்த பின்னரே குழப்பம் குறைந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒப்புதல் குழுவின் கூட்டங்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் சொற்படி அழைக்கப்பட்ட மூலக்கூற்று உயிரியலாளர் பி.எம். பார்கவா, தேவையான பல சோதனைகள் நடத்தப்படவில்லை என்று குழுவுக்குள்ளேயே வாதிட்டுவந்தார். ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தை நிறுவியவர் இவ்வாறு சொல்லும்போது, எதிர்ப்போர் அனைவரும் அறிவியல் அறியாதவர் என்னும் கூற்று தானே உதிர்ந்துவிடுகிறது.

2010 செப்டம்பரில் நாட்டின் ஆறு அறிவியல் கழகங்கள் கூட்டாக வெளியிட்ட அறிக்கையும் நினைவுகூரத்தக்கது. பி.டி. கத்தரியை வரையறுத்த அளவில் வெளியிடலாம் என்று அது கூறியது. ஆனால் அதன் சில பத்திகள் முன்னரே அச்சான ஒரு கட்டுரையிலிருந்து மூலம் குறிப்பிடாமல் அப்படியே எடுத்தாளப்பட்டவை என்பது வெளிப்பட்டது. அவ்வறிக்கையைக் கேட்டிருந்த அமைச்சரே அதை வெளிப்படையாகக் குறைகூறினார். கழகங்கள் அதைத் திருத்தி மீண்டும் வெளியிட்டன. ஒரு மாணவரின் ஆய்வேட்டில் பொறுக்கப்படாத பிழை நாட்டின் தலைசிறந்த கழகங்களின் பெயரில் வந்தது வருந்தத்தக்கது. கழகத்தின் பெயர் வாதத்துக்கு ஈடாக நிற்கும் என்று எண்ணியதால் நேர்ந்த சரிவு அது. அதன் பரிந்துரை சரியாகவே இருந்திருக்கக்கூடும் என்றாலும், அதை அமைதியாக எடைபோடும் வாய்ப்பு அன்றே போய்விட்டது.

பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. பாசுதேவ் ஆச்சார்யா தலைமையிலான நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழு 2012இல் மரபணு மாற்று உணவுப் பயிர்கள் குறித்துக் கடுமையான அறிக்கை அளித்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்ப வல்லுநர் குழுவில் ஐவர் 2013இல் கட்டுப்பாட்டு அமைப்பின் குறைகள் நீங்கும் வரை களச் சோதனைகளை நிறுத்தக் கூற, வேளாண் அறிவியலாளர் ஆர்.எஸ். பரோடா மாறுபட்டுத் தனி அறிக்கை தந்தார். அதே ஆண்டு வங்கதேசம் அதே தொழில்நுட்பத்துக்கு இசைவளித்து, 2014இல் 20 உழவரிடம் நாற்றுகளைக் கொடுத்தது. பூச்சிமருந்துச் செலவு அங்கே குறைந்ததாகக் கள ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஒரே மரபணு, பெரும்பாலும் ஒரே சான்று, ஆயினும் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் இருவேறு முடிவுகள்: சான்று மட்டுமே கொள்கையைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. சான்றுக்கும் காலவரையறை உண்டு. 2002இல் இசைவு பெற்ற பி.டி. பருத்தியைத் தின்றும் சாகாத இளஞ்சிவப்புக் காய்ப்புழு குஜராத்தில் தோன்றிவிட்டதை, கத்தரி நிறுத்திவைக்கப்பட்ட மறு மாதமே மான்சாண்டோ நிறுவனம் தானே அறிவித்தது. இசைவளித்த நாளில் உண்மையாக இருந்த கூற்று எட்டாண்டில் மாறக்கூடும் என்றால், இசைவுக்குப் பின் கண்காணிப்பவர் யார் என்னும் வினா இசைவுக்கு இணையாகவே முதன்மை பெறுகிறது.

கூட்டாட்சி சார்ந்த ஒரு குறையும் உண்டு. அரசமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ளது. ஒப்புதலோ ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் சட்டத்தின் வழி வருகிறது. கத்தரி மிகுதியாக விளையும் மேற்கு வங்கம், ஒடிசா, பீகார் ஆகிய மாநில அரசுகளின் தயக்கம் அமைச்சரின் முடிவில் எடையுடன் இடம்பெற்றது நல்லது. ஆனால் அது அமைச்சர் ஒருவரின் விருப்பத்தால் நிகழ்ந்ததே தவிர நடைமுறையால் நிகழ்ந்ததன்று. தன் பல்கலைக்கழகமும் தன் ரகங்களும் பங்கேற்ற தமிழ்நாட்டில் அந்த ஏழு கலந்தாய்வுகளுள் ஒன்றுகூட நடக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான செயற்குழு 2004இலேயே தன்னாட்சியுள்ள தேசிய உயிரித் தொழில்நுட்ப ஒழுங்குமுறை ஆணையம் வேண்டும் என்றது. 2013இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட ஆணைய மசோதாவோ எதிர்ப்புக்கிடையே காலாவதியானது. 2024 ஜூலை 23 அன்று மரபணு மாற்றுக் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஒப்புதலின் செல்லுபடி குறித்து மாறுபட்டுத் தீர்ப்பளித்தபோதும், மாநிலங்களையும் உழவர்களையும் கலந்து தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர்.

நிறுத்திவைப்பு முறையான ஒப்புதலாகவோ முறையான மறுப்பாகவோ மாறாமல் பதினைந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டது. முடிவைத் தள்ளிப்போடுவதும் ஒரு கொள்கையே. அதன் விலையை, இன்றும் காய்ப்புழுவுக்கு மருந்தடித்துக்கொண்டிருக்கும் உழவர் கொடுக்கிறார். ஆகவே இம்மாநாட்டின் அமர்வுகள், சோதனைச் செலவை நிறுவனத்திடமிருந்து வாங்கிச் சோதனையைத் தனிச் சார்பற்ற ஆய்வுக்கூடத்திடம் ஒப்படைக்கும் நிதி ஏற்பாடு எவ்வாறு அமையலாம், குழுவில் மாறுபட்டவரின் குறிப்பைப் பெரும்பான்மை அறிக்கையோடு சேர்த்தே வெளியிடுவதைச் சட்டமாக்கலாமா, முழுத் தரவும் மாநிலங்களின் கைக்கு எத்தனை நாள் முன்பாகச் சேர வேண்டும் என்பன போன்ற செயல்முறை வினாக்களில் நேரத்தைச் செலவிட வேண்டுமென இவ்வுரை கேட்டுக்கொள்கிறது. உயிரிப் பாதுகாப்பு ஆவணங்களைத் தமிழில் சுருக்கி, எண்களைச் சிதைக்காமல், கத்தரி பயிரிடுவோர் படித்து வினா எழுப்பும் வகையில் தருவது இங்கே கூடியுள்ள ஆய்வாளர்களாலேயே இயலும்; முதல் ஆவணமாக மரபணு மாற்றுக் கடுகுக்கான பாதுகாப்பு அறிக்கையை எடுத்துக்கொள்ளலாம்.