முள்வாயிலும் கணினியும்

கண்டி இராச்சியத்தின் கணவாய்களிலே முன்னாளில் முள்வாயில்கள் இருந்தன. 1660 முதல் 1679 வரை அவ்விராச்சியத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஆங்கிலக் கடலோடி றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளிவந்த தமது நூலில் அவற்றை விவரித்திருக்கிறார். வாயிலைக் கடக்க வேண்டியவன், களிமண்ணில் பதித்த அரச முத்திரையைக் காவலரிடம் காட்டுதல் வேண்டும். போர்வீரனுக்கு ஈட்டி தாங்கிய உருவம். சுமைகாவும் தொழிலாளிக்குக் காவடியில் இரு பைகள் தொங்கும் உருவம். வெள்ளையனுக்கோ வாளும் தொப்பியும் அணிந்த உருவம். முத்திரை பொருந்தாவிடில் வந்தவன் மெய்யாகவே ஊராளாயினும் வழி திறவாது.

கண்டியிலிருந்து மஹியங்கனை செல்லும் வீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்திலே ஹுன்னஸ்கிரிய என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு பாடசாலை ஆசிரியர், மாணவரின் புள்ளிப் பதிவுகளையும் குடும்பத்தின் காணி உறுதிகளின் பிரதிகளையும் தமது மடிக்கணினியில் வைத்திருக்கிறார் எனக் கொள்ளலாம். பஸ்ஸிலே அது களவு போனால், விண்டோஸ் கேட்கும் கடவுச்சொல் கள்வனைத் தடுக்குமா? தடுக்காது. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினாற் போதும். அத்தனையும் அவன் கண்முன் விரியும். ஆகவேதான் இயங்குதளம் இருக்கும் தட்டு முழுவதையும் மறைகுறியாக்கம் செய்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பின்னர், பிறருடைய விவரங்களை வைத்திருப்போருக்கு இந்தக் கவனம் இன்னும் அவசியமாயிற்று.

ஆயினும் பூட்டு, கள்வனைப் போலவே உரியவனையும் வெளியே நிறுத்திவிடக் கூடும். ஒருநாட் காலை விசையை அழுத்தினால் விண்டோஸ் வருவதில்லை. கண்டி நகரக் கடையொன்றிலே கொடுத்தால், "போமட் பண்ணினாற் சரியாகிவிடும்" என்கிறார்கள். கணினி சரியாகத்தான் ஆகும்; உள்ளே இருந்தவை திரும்பி வரமாட்டா. ஆதலால் கைவைக்குமுன் திரையில் எது தோன்றுகிறது என்பதை உற்று நோக்குதல் வேண்டும்.

மின்சாரம் பாய்ந்ததும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையிலுள்ள நிலைபொருள். அது துவக்கி எனப்படும் சிறு நிரலை அழைக்கிறது. இத்துவக்கியே முள்வாயில். அது மட்டும் மறைகுறியாக்கம் பெறாமல் மதிலுக்கு வெளியே நிற்கிறது. கடவுச்சொல்லை வாங்கி, தட்டின் தலைப்பகுதியிலே பூட்டப்பட்டிருக்கும் முதன்மை விசையை அதனால் திறந்து, பின்னரே விண்டோஸை உள்ளிருந்து எழுப்புகிறது.

வெராகிரிப்ட் என்னும் இலவச மென்பொருளை எடுத்துக்கொண்டால், அது தட்டைத் தொடுமுன் ஒரு முன்சோதனை நடத்துகிறது. துவக்கியை நிறுவி, கணினியை மீளத் தொடக்கி, கடவுச்சொல்லைக் கேட்டுப் பார்க்கிறது. இந்தக் கட்டத்தில் கணினி நின்றுவிட்டால் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. ஓர் எழுத்தேனும் இன்னும் மறைகுறியாக்கப்படவில்லை. நிலைபொருளின் துவக்கப் பட்டியலில் விண்டோஸின் பழைய துவக்கியைத் தெரிவு செய்தால் அது வழக்கம்போல் எழும். இங்கேயே பதறிப்போய்த் தட்டை அழிப்பவர்கள் வீணாகவே இழக்கிறார்கள்.

மறைகுறியாக்கம் முடிந்து பல மாதங்கள் கழித்து வரும் தொல்லை வேறு வகையானது. விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்து, துவக்க வரிசையிலே தன்னை முதலில் நிறுத்திக்கொள்வதுண்டு. கடவுச்சொல் கேட்கும் திரை மறைந்துபோய், "பழுதுபார்க்கவா?" என்ற நீலத்திரை வரும். அதற்கு இசையலாகாது. வரிசையில் வெராகிரிப்ட்டை மீண்டும் முதலிடத்தில் வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிடில், முதலிலேயே பென் டிரைவில் செய்து வைத்த மீட்பு வட்டு உதவும். துவக்கியை மீள நிறுவவும், சிதைந்த தலைப்பகுதியைப் பழைய பிரதியிலிருந்து மீட்கவும், தட்டு முழுவதையும் நிரந்தரமாகத் திறந்துவிடவும் அது வல்லது. ஆனால் கடவுச்சொல் இன்றி அதுவும் ஊமையே. கடவுச்சொல்லை மாற்றியவர் மீட்பு வட்டையும் புதிதாகச் செய்ய வேண்டும். பழைய வட்டிலுள்ள தலைப்பகுதி பழைய சொல்லுக்கே திறக்கும்.

திரை தோன்றியும் கடவுச்சொல்லை ஏற்கவில்லையா? அந்த நேரத்தில் விசைப்பலகை அமெரிக்க ஒழுங்கிலேயே இயங்கும். தமிழெழுத்தும் ரெங்கநாதன் விசைப்பலகையும் அங்கே செல்லா. பேரெழுத்துப் பூட்டைப் பார்க்க வேண்டும். முன்னர் பிம் என்னும் எண் ஒன்றை அமைத்திருந்தால் அதையும் கொடுக்க வேண்டும். பழைய கணினிகளில் சரிபார்க்கவே நெடுநேரம் செல்லும். உறைந்துவிட்டதென்று எண்ணி மின்னை அணைப்பவர் பலர். பொறுத்திருப்பதே நலம்.

மைக்ரோசொப்ட்டின் பிட்லொக்கர் பெரும்பாலும் கடவுச்சொல் கேட்பதேயில்லை. தாய்ப்பலகையிலுள்ள டி.பி.எம். சில்லு, துவக்கத்தின் ஒவ்வொரு படியையும் அளந்து, களிமண் முத்திரையை ஒப்பிட்ட காவலனைப் போல, எல்லாம் முன்போலவே இருந்தாற்றான் விசையை ஈகிறது. நிலைபொருளைப் புதுப்பித்தாலோ தாய்ப்பலகையை மாற்றினாலோ அளவு மாறும். உடனே 48 இலக்க மீட்பு விசையைக் கேட்கும். சில மடிக்கணினிகளில் உரிமையாளர் அறியாமலே இக்காவல் தொடங்கியிருக்கும் என்பது விந்தையான உண்மை. விசை பெரும்பாலும் அவருடைய மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். கைத்தொலைபேசியில் உட்புகுந்து, திரையில் காணும் அடையாளக் குறியுடன் ஒப்பிட்டு எடுக்கலாம். 2024 ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் வீழ்ந்தன. பிழையான கோப்பை நீக்குவது எளிதாயினும், பிட்லொக்கர் பூட்டிய கணினிகளில் அதற்கு முன்னர் மீட்பு விசையைத் தேடவேண்டியதாயிற்று. விசைகளைச் சேமித்த கணினியே பூட்டப்பட்டிருந்தால் என்ன செய்வது?

மின்சாரத்தையும் மறத்தலாகாது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருளில் மூழ்கியது. தட்டு முழுவதையும் மறைகுறியாக்கப் பல மணி நேரம் ஆகலாம். வெராகிரிப்ட்டில் வேலையை முறையாக நிறுத்திப் பின்னர் தொடரலாம். திடீர் மின்தடையை நம்பி மட்டும் இறங்கலாகாது. மின்கலம் நிறைந்திருத்தலும், கோப்புகளின் பிரதி வேறொரு தட்டில் இருத்தலும் முதற்பணி.

மீட்பு விசையைத் தாளில் எழுதி, மடிக்கணினிப் பையிலேயே செருகி வைப்பவர்களும் உளர். அது முள்வாயிலின் முத்திரையை வாயிற்கம்பத்திலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். மழையும் மண்சரிவும் உள்ள மலைநாட்டில் ஒரு தாள் வீட்டிலும், மற்றொன்று தெல்தெனியவிலோ கண்டியிலோ நம்பிக்கையான உறவினரிடத்திலும் இருக்கலாம். கடைக்காரரிடம் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, தட்டு மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது, கேளாமல் அழிக்கலாகாது என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.