கோடு தெரியாத எஃகு

சிகாகோ போகிறவர்கள் ஒரு படமாவது எடுத்துக்கொள்ளாமல் திரும்பாத இடம், மில்லேனியம் பூங்கா. சிற்பி அனிஷ் கபூரின் 'கிளவுட் கேட்' என்ற, கண்ணாடிபோல் பளபளக்கும் எஃகுச் சிற்பம் அங்கேதான் இருக்கிறது. 10 மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளம், ஏறக்குறைய 100 டன் எடை. ஊர்க்காரர்கள் அதை 'பீன்' என்றே சொல்கிறார்கள். மும்பையில் பிறந்த கபூருக்கு அந்தப் பட்டப்பெயர் முதலில் பிடிக்கவில்லையாம். பாதரசத்தை மனத்தில் வைத்துச் செய்ததைப் போய் அவரைக்கொட்டை என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்!

வருகிறவர்களில் பாதிப்பேர் சிற்பத்தைப் பார்ப்பதே இல்லை. அதில் தெரியும் தங்களைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஆனால் நீங்கள் போனால், படமெடுத்து முடித்ததும் போனைப் பையில் போட்டுவிட்டு, அந்த எஃகில் எங்காவது ஓர் இணைப்புக் கோடு தெரிகிறதா என்று தேடுங்கள். எவர்சில்வர் குடம் வாங்கும்போது பற்றவைத்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்போமே, அந்த மாதிரி. அகப்படாது. மொத்தம் 168 தகடுகள். கலிபோர்னியாவில் வளைத்து, லாரியில் கொண்டுவந்து, பூங்காவிலேயே வெல்டிங் செய்தார்கள். 2004-இல் பூங்கா திறந்தபோது கோடுகள் தெரியத்தான் செய்தன. பிறகு கூடாரம் போட்டு மூடி, ஒவ்வொரு மூட்டையும் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள்; முறைப்படி திறந்துவைத்தது 2006-இல்தான். கபூரைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அந்த வெல்டர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், பாதிச் சிற்பம் அவர்களுடையது.

சிகாகோ குளிர் கேள்விப்பட்டிருப்பீர்கள்; கோடை வெயிலும் லேசுப்பட்டதல்ல. எஃகு விரியும், சுருங்கும். அதனால் உள்ளிருக்கும் சட்டத்தோடு வெளித்தகட்டை இறுகப் பிணைக்காமல், அசைந்துகொடுக்க இடம் விட்டிருக்கிறார்கள்.

அடியிலுள்ள வளைவுக்குள் நுழைந்து அண்ணாந்து பாருங்கள். மேலே குழிந்த பரப்பில் உங்கள் உருவம் நீண்டு, வளைந்து, பலவாகப் பிரிந்து நிற்கும். எது நீங்கள் என்று கையை ஆட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கைக்கு எட்டும் உயரம் வரை விரல்தடம் பதியும். அதைத் துடைப்பதற்கென்றே தினமும் ஆட்கள் வருகிறார்கள்.

பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. கூட்டம் வேண்டாமென்றால் காலையிலேயே போய்விடுங்கள். கொஞ்ச தூரத்திலேயே கலைஞர் ஜௌமே பிளென்சாவின் 'கிரவுன் ஃபவுண்டன்' நீரூற்று. 15 மீட்டர் உயரத்தில் இரண்டு கண்ணாடிக்கல் கோபுரங்கள். அவற்றில் சிகாகோவாசிகளின் முகங்கள் மாறிமாறித் தெரியும். கோடைக்காலமானால் அந்த முகங்கள் வாயைக் குவித்துத் தண்ணீரைப் பீய்ச்சும். குழந்தைகளோடு போகிறவர்கள் மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள்.