மூணாவது நாள் கட்டின சுவர்

இன்னைக்கு எபிசோடுல விருந்தாளி யாரும் இல்ல, நான் மட்டும்தான். போன மாசம் ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். "அக்கா, வெளிநாட்டுல ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தைச் சரிபண்ணித் தர்ற வாலன்டியர் வேலைக்குக் கூப்பிடுறாங்க. போலாமா?" ஒரே வார்த்தையில பதில் சொல்ல முடியல. அதனால நான் போயிட்டு வந்த கதையைச் சொல்றேன்.

2015 ஏப்ரல் 25. நேபாளத்துல 7.8 அளவுக்கு நிலநடுக்கம். கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்துபோனாங்க. காத்மாண்டுவுக்கு வடகிழக்கே சிந்துபால்சௌக்னு ஒரு மலை மாவட்டம். அங்க மட்டுமே 3,000 பேருக்கு மேல. நான் போனது 2017 நவம்பர்ல. ரெண்டரை வருஷம் ஆகியும் அந்த ஊர்ப் பிள்ளைங்க மூங்கிலும் தகரமும் வச்ச கொட்டகையிலதான் படிச்சிட்டு இருந்தாங்க. பக்கத்துல புதுக் கட்டடம் பாதியில நின்னுச்சு.

நாங்க அஞ்சு பேர். எல்லாரும் ஐ.டி. கரணையைக் கையால தொட்டதே கிடையாது. மேஸ்திரியை ஊர்ல எல்லாரும் 'தாய்'னு கூப்பிட்டாங்க. நேபாளியில அப்படின்னா அண்ணன். எங்களுக்கு ஒரே சிரிப்பு. அவர் என்னை 'பஹினி', அதாவது தங்கச்சின்னு கூப்பிட்டார்.

மூணாவது நாள், அவர் வேற பக்கம் வேலையா இருந்தப்போ, நாங்களே ஒரு சுவரை இடுப்பு உயரத்துக்கு எழுப்பிட்டோம். போட்டோ எடுத்தோம், இன்ஸ்டாகிராமுல போட்டோம், லைக் குவிஞ்சது.

மறுநாள் காலையில போனா, தாய் அதை இடிச்சுக்கிட்டு இருக்கார்.

எனக்குக் கோபம் வந்துச்சு. காசு செலவு பண்ணி இவ்வளவு தூரம் வந்திருக்கோமேன்னு. அவர் எதுவும் பேசல. மிச்சம் இருந்த சுவர்ல காலை வச்சு லேசா ஒரு தள்ளு தள்ளினார். வெளிப்பக்கக் கல் அப்படியே பிரிஞ்சு விழுந்துச்சு.

தலைமை ஆசிரியர் இங்கிலீஷ்ல விளக்கினார். கல் சுவர்ல உள்பக்கம் ஒரு அடுக்கு, வெளிப்பக்கம் ஒரு அடுக்கு இருக்கும். ரெண்டையும் சேர்த்துப் பிடிக்க, நடுநடுவே சுவரோட முழு அகலத்துக்கும் நீளக் கல் வைக்கணும். நாங்க ஒண்ணுகூட வைக்கல. ரெண்டு கல்லு சேர்ற இடுக்குக்கு நேர் மேலயே அடுத்த வரிசை இடுக்கும் வரக் கூடாது. எங்க சுவர்ல கீழேயிருந்து மேல வரைக்கும் ஒரே கோடு. நிலம் ஆடினா முதல்ல பிளக்குறது அந்தக் கோடுதான்.

அப்புறம் ஒண்ணு சொன்னார். நேபாளத்துல வார விடுமுறை சனிக்கிழமை. பூகம்பம் வந்ததும் சனிக்கிழமை, மத்தியானம் 12 மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. "ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா, இந்தப் பிள்ளைங்கள்ல பாதிப் பேர் இன்னைக்கு இருந்திருக்க மாட்டாங்க." நான் போனை எடுத்து அந்த போட்டோவை டெலீட் பண்ணினேன்.

அதுக்கப்புறம் நாங்க சித்தாள் வேலைக்கு மாறினோம். லாரி நிக்கிற இடத்துல இருந்து மணல் சுமக்கிறது, சலிக்கிறது, கட்டின சுவருக்குத் தண்ணி ஊத்துறது. இதாவது உருப்படியான வேலைன்னு நினைச்சேன். கிளம்புறதுக்கு முந்தின நாள்தான் தெரிஞ்சது, வழக்கமா மணல் சுமக்கிற நாலு அக்காங்களை, 'வாலன்டியர் இருக்காங்க'ன்னு அந்த வாரம் வர வேணாம்னு சொல்லியிருக்காங்க. எங்க சேவையால நாலு வீட்டுல கூலி போச்சு.

திரும்பி வரும்போது கணக்குப் போட்டேன். டிக்கெட், கூட்டிட்டுப் போன அமைப்புக்குக் கட்டின பணம், எல்லாம் சேர்த்து எனக்கு 60,000 ரூபாய் செலவு. நேபாள ரூபாயில 96,000. தாயோட ஒரு நாள் கூலி 1,200. அதாவது 80 நாள் கூலி. அந்த மாதிரி ஊர்கள்ல இருந்து வாலிபப் பசங்க நிறைய பேர் கத்தார், மலேசியான்னு போயிடுறாங்க. உள்ளூர்லயே 80 நாள் சம்பளம்னா சும்மா இல்ல.

அப்போ போகவே கூடாதான்னு கேட்டா, அப்படிச் சொல்ல மாட்டேன், தம்பி. போகலைன்னா நான் எதையும் தெரிஞ்சிருக்க மாட்டேன். ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. நீங்க கட்டுறதை யார் சரிபார்ப்பாங்க? உங்க பணத்துல பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு போகுது? நீங்க செய்யப்போற வேலையை இப்ப யார் கூலிக்குச் செய்றாங்க? நேரா பதில் வரலைன்னா விட்டுடுங்க. உங்களுக்கு ஒயரிங் தெரியும், பிளம்பிங் தெரியும்னா அது வேற விஷயம். அதைச் சொல்லிக் கேளுங்க.

அடுத்த வருஷம் நான் போகல. டிக்கெட் பணத்தை மட்டும் அனுப்பினேன். தலைமை ஆசிரியர் ஒரு போட்டோ அனுப்பினார். கட்டடம் முடிஞ்சு, வாசல்ல பிள்ளைங்க நிக்கிறாங்க. பின்னாடி அதே சுவர். கல்லு நாங்க சுமந்ததா இருக்கலாம், அடுக்கினது தாய். இந்தப் படத்தை நான் எங்கேயும் போடல.

உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பேசலாம்.