பேசாப் படமும் எங்கள் மண்டபத்துப் பியானோவும்

(நூற்றாண்டு விழாத் திரைப்படக் காட்சிக்கு முன் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இன்னும் சிறிது நேரத்தில் சார்லி சாப்ளினின் 'த கிட்' என்ற 1921ஆம் ஆண்டுப் படத்தைப் பார்க்கப் போகிறோம். படத்தில் குரல் இல்லை. இசை, மேடையோரத்துப் பியானோவிலிருந்து வரும்.

பேசாப் படக் காலத்திலும் படமாளிகைகள் மௌனமாக இருந்ததில்லை. பெரிய நகரங்களில் வாத்தியக் குழு, சிறிய கொட்டகைகளில் ஒரேயொரு பியானோ. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அதன் முன் அமர்ந்தவர்களில் பலர் பெண்கள். கண் திரையில், கை கட்டையில். துரத்தலுக்கு ஒரு மெட்டு, மரணத்துக்கு வேறொன்று. 1924இல் ஏர்னோ ராப்பே என்பவர் 52 மனநிலைகளுக்கும் சந்தர்ப்பங்களுக்கும் ஏற்ற இசைத் துண்டுகளைத் தொகுத்துப் புத்தகமே போட்டார். தகப்பனை இழந்த ஷொஸ்டகோவிச், குடும்பத்துக்காகப் பதின்வயதில் லெனின்கிராட்டில் இதே வேலை செய்தார். அவர் பெயரை உலகம் அறியும். அந்தப் பெண்களில் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? 1927இல் 'த ஜாஸ் சிங்கர்' வந்தது. சில வருடங்களுக்குள் அவர்களுடைய வேலையே இல்லாமற் போயிற்று.

எங்கள் பியானோவின் கதையையும் சொல்லவேண்டும். 1995இல் இடம்பெயர்ந்தபோது அதைப் பூட்டி, மேலே ஒரு பாயைப் போட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது பூட்டு இல்லை, உள்ளே கறையான். பதினொரு கட்டைகள் ஊமை. விறகுக்குக் கொடுத்துவிடலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நாங்கள் மறுத்துப் பேசவில்லை. அதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். தடுத்தவர் மண்டபம் கூட்டும் அம்மா. "பிள்ளையள் வாசிச்ச சாமான், அது கிடக்கட்டும்" என்றார். கிடந்தது. நீங்கள் அனுப்பிய பணத்தில் இந்த வருடம் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து திருத்தினார். இரண்டு கட்டைகள் மட்டும் இன்னும் பேசவில்லை.

இன்று வாசிப்பவர் உயர்தர வகுப்பு மாணவி. மூன்று வாரமாக மடிக்கணினியில் படத்தை ஓடவிட்டுப் பழகியிருக்கிறார். பிள்ளையை அநாதை இல்லத்து வண்டியில் ஏற்றும் இடத்தில் என்ன வாசிப்பாய் என்று கேட்டோம். "முதல்ல ஒண்டும் வாசிக்கமாட்டன் அன்ரி. பிறகு பாருங்கோ" என்றார். அந்த இரண்டு கட்டைகளையும் தொடாமலே முழுப் படத்துக்கும் வழி கண்டுபிடித்துவிட்டாராம்.

மெல்லிய இசையும் கேட்கவேண்டும் என்பதால் மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். வெக்கையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இனி விளக்கை அணைக்கலாம்.