ஒரு சோறு பதம் போதுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பற்றிப் பேசு, ஆனா எல்லாருக்கும் புரியற மாதிரி பேசு" என்று சங்கச் செயலாளர் கட்டளை போட்டிருக்கிறார். கம்ப்யூட்டரில் தகவலைச் சேமிக்கும் டிரைவ்களைச் சோதித்து, எந்த வேலைக்கு எது ஏற்றது என்று சொல்வதுதான் என் வேலை. ஊருக்கு வந்தால் போதும், "அண்ணா, இந்த எஸ்.எஸ்.டி.ல ஏழாயிரம் ஸ்பீடுன்னு போட்டிருக்கே, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். அந்த ஏழாயிரத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நாங்கள் படித்த காலத்தில் லேபில் இருந்ததெல்லாம் ஹார்ட் டிஸ்க். உள்ளே ஒரு தட்டு நிமிஷத்துக்கு 7,200 தடவை சுற்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி செகண்ட். வேண்டிய இடம் ஊசிமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி செகண்டுக்குச் சற்று மேல். ஊசியைத் தாங்கும் கை நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் தகவலை விநாடிக்கு ஏறக்குறைய 100 தடவைதான் எடுக்க முடியும்.

எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவது எதுவும் கிடையாது. தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்ற ஜப்பானியப் பொறியாளரின் குழு 1987-இல் உலகுக்கு அறிவித்த நேண்ட் ஃபிளாஷ் சில்லுகள்தான் இதன் உயிர். ஆரம்பத்தில் இதையும் ஹார்ட் டிஸ்க்குக்காகச் செய்த சாட்டா வழியிலேயே இணைத்தார்கள். அந்த வழியில் ஒரே வரிசை, வரிசையில் 32 பேர்தான் நிற்கலாம். வேகமும் விநாடிக்கு 550 மெகாபைட்டைச் சுற்றியே நின்றுவிடும். 2011-இல் என்.வி.எம்.இ. என்ற புதிய விதிமுறை வந்தது. ஒரே கவுன்ட்டர் இருந்த ரேஷன் கடையில் அறுபத்தைந்தாயிரம் கவுன்ட்டர் திறந்த மாதிரி! அதற்குப் பிறகுதான் 3,500, 7,000, இப்போது 14,000 என்று அட்டைப்பெட்டியில் எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன.

சரி, அந்த ஏழாயிரம் பொய்யா? பொய்யே இல்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடை? "பெரிய பெரிய துண்டுகளாக, வரிசையாக, அடுத்தடுத்த வேலையை முன்கூட்டியே சொல்லி வைத்துக் கேட்டால், எவ்வளவு வேகமாகத் தருவாய்?" இந்தக் கேள்விக்கு விடை 7,000. அப்போது டிரைவின் கன்ட்ரோலர் பல சில்லுகளிலிருந்து ஒரே நேரத்தில் அள்ளித் தருகிறது.

இப்போது கேள்வியை மாற்றுவோம். 4 கிலோபைட் தகவல் ஒன்று. அது வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்பேன். கம்ப்யூட்டர் கிளம்பும்போதும், ஒரு புரோகிராம் திறக்கும்போதும் பெரும்பாலும் நடப்பது இந்த மாதிரி வேலைதான். நல்ல டிரைவிலேயே ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 50 மைக்ரோ செகண்ட் ஆகும். அப்படியானால் விநாடிக்கு 20,000 தடவை. 4,096 பைட்டால் பெருக்கினால் 82 மெகாபைட்! அதே டிரைவ்தான், அதே நாள்தான். ஏழாயிரம் எங்கே, எண்பத்திரண்டு எங்கே! ஹார்ட் டிஸ்க்கின் 100 தடவையோடு ஒப்பிட்டால் இந்த 20,000 எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவது இதை இல்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டில் சொல்வார்கள். அருமையான சோதனை முறை. ஏன் அது பலிக்கிறது? பானையில் இருப்பது ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு. அதனால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் மொத்தமும் தெரிந்துவிடும். எஸ்.எஸ்.டி. அப்படிப்பட்ட பானை இல்லை. நீங்கள் எடுக்கும் முதல் பருக்கை எப்போதுமே வெந்துதான் இருக்கும். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, திண்ணை. இன்றைய டிரைவ்களில் ஒரு செல்லில் மூன்று பிட் எழுதுவது சாதாரணம். அதற்கு எட்டு வகை மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், நேரம் பிடிக்கும். ஒரே ஒரு பிட் எழுதினால் இரண்டே நிலை, சட்டென்று முடியும். அதனால் டிரைவ் என்ன செய்கிறது? வந்த சரக்கை முதலில் ஒரு பிட் முறையில் அவசரமாக எழுதிவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது மூன்று பிட் முறைக்கு மாற்றுகிறது. வண்டியில் வந்த மூட்டைகளைத் திண்ணையில் இறக்கிவிட்டு, அப்புறம் நிதானமாக உள்ளறையில் அடுக்குவது மாதிரி. திண்ணை 100 ஜிகாபைட், வரும் வேகம் விநாடிக்கு 5 ஜிகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 விநாடியில் திண்ணை நிரம்பிவிடும். அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு மூட்டையும் உள்ளறைக்குப் போகும் வேகத்தில்தான் இறங்கும். ஒரு ஜிகாபைட் எழுதிப் பார்த்து "ஆஹா!" என்கிறவர் பார்த்தது திண்ணையை மட்டும்தான்.

இரண்டாவது, இடநெருக்கடி. ஃபிளாஷில் எழுதிய இடத்தின் மேலேயே திரும்ப எழுத முடியாது, அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். எழுதுவது பக்கம் பக்கமாக, அழிப்பதோ நோட்டுப் புத்தகம் புத்தகமாக! ஒரு புத்தகத்தை அழிக்கவேண்டுமானால், அதில் இன்னும் தேவைப்படும் பக்கங்களை வேறு புத்தகத்தில் நகல் எடுத்தாக வேண்டும். டிரைவ் காலியாக இருக்கும்போது இந்த வேலை இல்லை. முக்கால்வாசிக்கு மேல் நிரம்பிவிட்டால், நீங்கள் சொல்லும் வேலையோடு இந்த நகல் வேலையும் சேர்ந்து போட்டி போடும்.

மூன்றாவது, சூடு. சூயிங்கம் பட்டை அளவு அட்டையில் இவ்வளவு வேலை நடந்தால் கொதிக்காதா? ஒரு அளவைத் தாண்டினால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள டிரைவ் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏ.சி. அறையில் இரண்டு நிமிஷச் சோதனையில் இது வெளியே வராது.

சோதிக்கிறவரை ஏமாற்றும் சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. ஆப்பரேட்டிங் சிஸ்டம் படித்த கோப்பை ராமில் வைத்துக்கொள்ளும். இரண்டாம் முறை நீங்கள் அளப்பது டிரைவை இல்லை, ராமை. இன்னொரு வேடிக்கை: எதுவும் எழுதாத இடத்தைப் படிக்கச் சொன்னால், பல டிரைவ்கள் சில்லைத் தொடாமலேயே பூஜ்யங்களைத் தூக்கிக் கொடுத்துவிடும். வேகம் பிரமாதமாக இருக்கும், வேலைதான் நடந்திருக்காது!

அப்படியானால் முறையாகச் சோதிப்பது எப்படி? எஸ்.என்.ஐ.ஏ. என்ற சேமிப்புத் தொழில் அமைப்பு இதற்கு விதிமுறையே வகுத்திருக்கிறது. முதலில் டிரைவை முழுவதும் துடைக்க வேண்டும். பிறகு அதன் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு எழுத வேண்டும். அதன்பின், அளக்க விரும்பும் வேலையையே சுற்றுச் சுற்றாக ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஐந்து சுற்றுகளில் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசம் சராசரியில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஏறுமுகமோ இறங்குமுகமோ 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்த நிலையான கட்டத்துக்கு வந்த பிறகு கிடைப்பதுதான் எண். அதுவரை வந்ததெல்லாம் திண்ணைக் கணக்கு.

இனி ஓர் அனுபவம். ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். காலை ஓ.பி. நேரத்தில் சீட்டுப் போடும் கவுன்ட்டரில் திரை உறைந்து நின்றுவிடும். வெளியே வயதானவர்கள், கைக்குழந்தையோடு தாய்மார்கள், வரிசை வாசல் வரைக்கும். சர்வரில் புது டிரைவ் போட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. "டிரைவ்ல குறை இல்ல சார், இதோ பாருங்க, ஏழாயிரம் காட்டுது" என்று சப்ளை செய்தவர் சோதனை முடிவை நீட்டினார். அதனால் பழி முதலில் புரோகிராம் எழுதினவர் மேல் விழுந்தது, அப்புறம் நெட்வொர்க்காரர் மேல்.

நாங்கள் முதலில் செய்தது, அந்த சர்வர் உண்மையில் டிரைவிடம் என்ன கேட்கிறது என்று ஒரு நாள் முழுக்கக் குறித்துக்கொண்டது. பெரிய கோப்பு எதையும் அது கேட்கவே இல்லை. சின்னச் சின்ன எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் பிறகு, "பத்திரமாக எழுதிவிட்டாயா? நீ சொன்னால்தான் நான் அடுத்த வேலைக்குப் போவேன்" என்று காத்திருந்தது. கரண்ட் போனாலும் நோயாளியின் பதிவு அழியக்கூடாதே! சர்வருக்கென்று செய்யும் டிரைவ்களில் கெப்பாசிட்டர்கள் இருக்கும். மின்சாரம் நின்றாலும் கையில் உள்ளதை எழுதி முடிக்கும் அளவுக்கு அவற்றில் சக்தி இருப்பதால், "ஆச்சு" என்று உடனே சொல்லிவிடலாம். அங்கே போட்டிருந்தது வீட்டுக் கம்ப்யூட்டருக்கான டிரைவ். அது ஃபிளாஷில் எழுதி முடித்த பிறகுதான் பதில் சொல்ல முடியும்.

அதே மாடல் டிரைவ் ஒன்றை எங்கள் சோதனைக்கூடத்தில் முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி, நிலையான கட்டத்துக்குக் கொண்டுவந்து, அதே மாதிரி வேலையைக் கொடுத்தோம். சராசரியைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் அவ்வப்போது சில எழுத்துகள் கால் விநாடி, அரை விநாடி என்று இழுத்தன. ஒரு சீட்டுப் போடப் பல எழுத்துகள் வேண்டும், பல கவுன்ட்டர்கள் வேறு. ஏதோ ஒன்று மாட்டினால் எல்லாமே நிற்கும். தினமும் நேரத்துக்கு வரும் டவுன் பஸ், பரீட்சை அன்றைக்கு மட்டும் ஒரு மணி நேரம் லேட்டாக வந்தால், "சராசரியில் நல்ல பஸ்" என்று யாராவது சொல்வோமா? அதனால்தான் நாங்கள் சராசரியோடு நிறுத்தாமல், ஆயிரத்தில் மிக மோசமான ஒன்று எவ்வளவு நேரம் எடுத்தது என்றும் பார்க்கிறோம்.

கெப்பாசிட்டர் உள்ள டிரைவை மாற்றினோம். அட்டைப்பெட்டி எண்ணில் அது பழையதில் பாதிகூட இல்லை. ஒரு வாரம் கழித்துப் போனபோது, கவுன்ட்டரில் இருந்த அம்மா, "புது கம்ப்யூட்டர் போட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

ஒரே பெயரில் விற்கும் பொருளும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2021-இல் எஸ்.என்.550 என்ற மாடலின் பெயரை மாற்றாமல் உள்ளே இருந்த ஃபிளாஷை மாற்றியது. திண்ணை நிரம்பிய பிறகான வேகம் குறைந்ததைச் சோதித்தவர்கள் கண்டுபிடித்த பிறகு, இனி அப்படி மாற்றினால் புது மாடல் எண் தருவதாக நிறுவனம் சொன்னது. சாம்சங்கின் 840 ஈவோ, புதிதாகச் சோதித்தபோது நன்றாகவே இருந்தது. எழுதி நாளான தகவலைப் படிக்கும்போது மட்டும் வேகம் படுத்துவிடுகிறது என்று 2014-இல் தெரியவந்து, ஃபர்ம்வேரை இரண்டு தடவை திருத்தினார்கள். முதல் நாள் சோதனையில் இது எப்படித் தெரியும்? காலமும் ஒரு சோதனைக் கருவிதான்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இதற்குப் பெரிய சோதனைக்கூடம் தேவையில்லை. லினக்ஸ் உலகில் பெயர்பெற்ற யென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய எஃப்.ஐ.ஓ. என்ற சோதனைப் புரோகிராம் இலவசம். நம் கல்லூரி லேபிலேயே ஒரு பழைய டிரைவில் செய்து பாருங்கள். ராமின் உதவி இல்லாமல் நேரடியாக எழுதச் சொல்லுங்கள், அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், விநாடிக்கு விநாடி வேகத்தைக் கிராஃபாக வரையுங்கள். திண்ணை நிரம்பும் இடத்தில் கோடு மலையிலிருந்து விழுகிற மாதிரி விழும். புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்ப்பீர்கள். ஆனால் ஒன்று: டிரைவ் முழுவதிலும் எழுதும் சோதனை உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடும். புராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கும் லேப்டாப்பில் தயவுசெய்து செய்யாதீர்கள்!

லேப்டாப்புக்கு எந்த டிரைவ் என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். படிப்பு, புரோகிராம், சினிமா என்றால் பேர்பெற்ற கம்பெனியின் நடுத்தர விலை டிரைவே போதும். ஏழாயிரத்துக்கும் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கைக்குத் தெரியாது. மிச்சமாகும் பணத்தில் ராம் போடுங்கள்.

நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போனதும் யாராவது ஒரு எண்ணை மேஜைமேல் வைப்பார்கள். டிரைவின் எண்ணாக இருக்கலாம், பாலம் தாங்கும் பாரமாக இருக்கலாம், மோட்டாரின் திறனாக இருக்கலாம். "இது எந்தக் கேள்விக்கு விடை? நம்முடைய கேள்வி அதுதானா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். வைவா வாய்ஸில் நம் ஆசிரியர்கள் நம்மைக் குடைந்து குடைந்து கேட்டது இந்தப் பழக்கம் வரத்தான். அவர்களுக்கு என் வணக்கம்.