உறங்கும் படகு இயந்திரத்தை உயிர்ப்பிப்போம்



2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் வெள்ளத்தால் வீடுகளை விட்டு வெளியேறினர். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரிலும் மக்கள் கூரைமேல் ஏறிப் படகுக்குக் காத்திருந்தனர். ஆற்றோரத் தோட்டங்களில் வாழும் நாம் இதனை மறத்தலாகாது. படகு இருந்தும் அதன் இயந்திரம் கொட்டகையில் துருவேறிக் கிடப்பின் பயன் யாது?

பெரும்பாலும் இயந்திரம் கெடுவதில்லை, எரிபொருளே கெடுகின்றது. மங்கில் விட்ட பால் உறைவதுபோல், பல மாதங்கள் தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றது. தொட்டியில் ஊறும் நீரோ பெட்ரோலினும் கனமானது; அடியில் தங்கித் துருவை வளர்க்கின்றது.

ஆகவே, முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறியபின் கயிற்றை மெல்ல இழுத்துப் பார்ப்போம். இறுகியிருப்பின் வலிந்து இழுத்தல் கூடாது.

அடுத்து, பழைய பெட்ரோலை முற்றிலும் வடித்துத் தொட்டியைக் கழுவி உலர்த்துவோம். வெடித்த ரப்பர்க் குழாயையும் அழுக்கேறிய வடிகட்டியையும் மாற்றுவோம். குழாயில் வெடிப்பிருந்தால் காற்று புகுந்து பெட்ரோல் ஏறாது. கார்புரேட்டரைக் கழற்றித் துப்புரவு நீர்மத்தில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவோம். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

இப்பணியைத் திறந்த வெளியில் செய்தல் வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானதாகையால் தரையோடு பரவும். அருகில் சுருட்டும் விளக்கும் ஆகா. குழாயை வாயால் உறிஞ்சுதலும் தீது. வடித்த பெட்ரோலை ஆற்றில் ஊற்றுவது நாம் குடிக்கும் நீரையே கெடுப்பதாகும்.

கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது என்று அறிந்து, கசிவை அடைத்துப் புது ஆயில் இடுவோம். தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இறக்கையையும் பார்ப்போம்.

டூ ஸ்ட்ரோக் இயந்திரங்கள் பலவற்றுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், அதாவது 10 லிட்டருக்கு 200 மில்லிலிட்டர். எனினும் தயாரிப்பாளர் கையேடு கூறும் அளவே முடிவானது.

இறுதியாக, இயந்திரத்தின் கீழ்ப்பகுதியை நீர் நிறைந்த பீப்பாயில் அமிழ்த்தி ஓட்டுவோம். பக்கத்துளை வழியே நீர் பாயவேண்டும். பாயாவிடில் உடனே நிறுத்துவோம். நீரின்றி ஓட்டினால் பம்பு கருகும்.

நண்பர்களே! வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்குகின்றது. அதற்கு முன்னரே மாதம் ஒருமுறை இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்போம். வெள்ளம் வாசலுக்கு வந்தபின் பழுது பார்க்க நேரமிராது. இன்று நாம் செலவிடும் அரை நாள், அன்று நம் குழந்தைகளைக் கரை சேர்க்கும்.